பழைய லொறிக்குப் புதிய பெட்டரி: ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?

ஸுபஹுத் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த நேரம். புத்தளத்தில் ஒரு வீட்டு வளவில் நின்ற பழைய லேலண்ட் லொறியில் உப்பு மூட்டைகள் ஏற்றி, தார்ப்பாயும் இழுத்துக் கட்டியாகிவிட்டது. வெயில் ஏறுவதற்குள் குருநாகலைத் தாண்டிவிட வேண்டும். சாரதி ஆசனத்தில் ஏறி அமர்ந்த முதலாளி ஸ்டார்ட்டரை அழுத்தினார். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மீண்டும் அழுத்தினார். இம்முறை அந்தச் சத்தமும் இல்லை.

"அஞ்சு மாசத்துக்கு முந்தித்தானே புது பெட்டரி போட்டீங்க?" என்று வாசலில் நின்று கேட்டார் மனைவி. முதலாளியிடம் பதில் இல்லை. பாரம் ஏற்றிய லொறியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. கடைசியில் வாடகைக்கு வேறொரு லொறி பிடித்து, மூட்டைகளை இறக்கி அதில் ஏற்றி அனுப்பினார். அன்றைய உழைப்பு முழுவதும் வாடகையாகப் போயிற்று.

அந்த லொறி 1960களில் செய்யப்பட்டது. முதலாளியின் வாப்பா வாங்கியது. அந்த லொறியை நம்பித்தான் அந்தக் குடும்பத்தில் மூன்று பெண்பிள்ளைகளின் கலியாணம் நடந்தது. இப்போது அது தினமும் ஓடுவதில்லை. கிழமையில் ஒரு நாள், சில வேளை இரண்டு கிழமைக்கு ஒரு நாள் ஓடும். மற்ற நாட்களில் பூவரச மர நிழலில் நிற்கும். இத்தகைய லொறி வைத்திருப்பவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கும், அவர்களுடைய வீட்டாருக்கும் பயன்படட்டும் என்றே அன்று கராஜில் கேட்டவற்றையும் பார்த்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு பெட்டி, ஒரே ஓட்டம்

எழுபது வயதைத் தாண்டிய பாஸ் ஒருவர் வந்து பார்த்தார். பக்கவாட்டில் செசியோடு தொங்கும் இரும்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே இரண்டு பெட்டரிகள். ஒன்று பளபளவென்று புதியது. மற்றது மூன்று வருடங்களைக் கடந்தது, மூடியெல்லாம் வெள்ளை பூத்தது.

"ஒண்டைத்தான் மாத்தினீங்களா தம்பி?"

"ஓம் பாஸ். மத்தது நல்லா இருந்திச்சு. சும்மா எதுக்குக் காசக் கொட்டணும் எண்டுதான்..."

பாஸ் சிரித்தார். "அப்ப ரெண்டு தரம் கொட்டப் போறீங்க" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்பதை விளங்கிக்கொள்ள, பெட்டரியைப் பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும். காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சு அறிஞர் 1859ஆம் ஆண்டில் கண்டுபிடித்த முறையே இன்றும் லொறிகளில் இருக்கிறது. ஐதான கந்தகவமிலத்தில் ஈயத் தகடும் ஈயவீரொட்சைட்டுத் தகடும் நிற்கின்றன. இப்படியான ஓர் அறை சுமார் 2 வோல்ட் தரும். ஆறு அறைகள் சேர்ந்தது 12 வோல்ட் பெட்டரி. கனரக டீசல் எஞ்சினைச் சுழற்ற நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டம் தேவை. அதே வேலைக்கு வோல்ட்டை இரட்டிப்பாக்கினால் அம்பியர் பாதியாகும். கேபிளும் அளவுக்கு மீறித் தடிக்க வேண்டியதில்லை. ஆகவே பெரிய லொறிகள் பலவற்றில் இரண்டு 12 வோல்ட் பெட்டரிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து 24 வோல்ட் ஆக்கியிருக்கிறார்கள்.

இப்படித் தொடுத்தால் வோல்ட் மட்டுமே கூடும். அம்பியர் மணித்தியாலம் கூடாது. அதாவது இரண்டு 120 அம்பியர் மணி பெட்டரிகளைத் தொடுத்தாலும் கிடைப்பது 24 வோல்ட்டில் 120 அம்பியர் மணிதான். இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். ஒன்றினூடாகப் போகும் அதே ஓட்டம்தான் மற்றதினூடாகவும் போகிறது. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளைப் போன்றவை அவை. ஒன்று நொண்டினால் வண்டியே நொண்டும்.

குற்றவாளி பெட்டரிதானா?

பாஸ் உடனே பெட்டரியைக் கழற்றவில்லை. முதலில் ஒரு வோல்ட் மீட்டரை எடுத்து இரண்டையும் தனித்தனியே அளந்தார். நன்றாகச் சார்ஜ் ஏறி, சில மணித்தியாலம் ஓய்வில் இருந்த பெட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.4 என்றால் முக்கால்வாசி இருக்கிறது. 12.0 என்றால் ஏறத்தாழ வெறுமை. அன்று புதிய பெட்டரி 11.7 காட்டியது. பழையது 12.5!

நம் முதலாளிக்குத் தலை சுற்றியது. புதியது செத்துக் கிடக்கிறது, பழையது உயிரோடு இருக்கிறது. "ஏமாத்திட்டான் கடக்காரன்" என்றார். பாஸ் அதற்குப் பதில் சொல்லாமல், புதிய பெட்டரியின் முனையிலிருந்து மேலே போகும் ஒரு மெல்லிய சிவப்பு வயரைத் தடவிக்கொண்டே போனார். அது சாரதி அறையில் இருந்த கெசட் பிளேயரிலும் சின்ன மின்விசிறியிலும் போய் முடிந்தது.

அங்கேதான் விஷயம் இருந்தது. கெசட் பிளேயர் 12 வோல்ட்டில் ஓடுவது. லொறி 24 வோல்ட். எனவே யாரோ ஒருவர் சுலபமான வழியாக, இரண்டு பெட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறார். பல பழைய லொறிகளில் இந்த வேலையைக் காணலாம். பாட்டுக் கேட்கும், மின்விசிறி சுழலும். ஆனால் ஒரு பெட்டரி மட்டும் எப்போதும் கூடுதலாகச் செலவாகிறது. சார்ஜ் ஏறும்போதோ இரண்டுக்கும் ஒரே ஓட்டம். குறைந்ததற்கு ஒருபோதும் நிறையாது. நிறைந்த மற்றதோ அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறி, கொதித்து, தண்ணீரை இழக்கிறது. ஐந்து மாதங்களுக்கு முன் செத்த பெட்டரியும் இதே இடத்தில் இருந்ததுதான். முதலாளி பெட்டரியை மாற்றினார்; அதைக் கொன்ற வயரை மாற்றவில்லை.

12 வோல்ட் சாமான் வேண்டுமென்றால் 24ஐ 12 ஆகக் குறைத்துத் தரும் கருவி ஒன்றைப் பூட்ட வேண்டும். அது இரண்டு பெட்டரிகளிலிருந்தும் சமமாக எடுக்கும்.

பாஸ் அத்தோடு விடவில்லை. லொறி ஸ்டார்ட் ஆகாவிட்டால் பெட்டரியை மட்டும் குறை சொல்லக் கூடாது என்றார். எர்த் கேபிள் செசியில் பூட்டியிருக்கும் போல்ட்டைக் காட்டினார். உப்பு ஏற்றும் லொறியல்லவா? போல்ட்டைச் சுற்றித் துருவும் பச்சைக் களிம்பும் பிடித்திருந்தன. இவ்விடத்தில் மின்சாரம் தடைப்பட்டால் எவ்வளவு நல்ல பெட்டரி போட்டும் பயனில்லை. இதைக் கண்டுபிடிக்க அவர் ஓர் எளிய வழி சொன்னார். ஒருவர் சில விநாடிகள் ஸ்டார்ட்டரை இயக்கட்டும். பிறகு மற்றவர் ஒவ்வொரு இணைப்பையும் மெதுவாகத் தொட்டுப் பார்க்கட்டும். எந்த இணைப்பு சுடுகிறதோ அதுவே தடை. அதைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தமாக்கி இறுக்க வேண்டும்.

மூடி திறக்கக்கூடிய பெட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டர் இன்னும் நல்ல சாட்சி சொல்லும். சார்ஜ் நிறைந்த அமிலம் 1.250 முதல் 1.280 வரை காட்டும். 1.150க்குக் கீழே போனால் அறை வெறுமை. ஐந்து அறைகள் ஒரே அளவில் இருந்து, ஆறாவது மட்டும் 0.050க்கு மேல் குறைந்திருந்தால் அந்த அறை பழுது. ஒரு அறை போனால் பெட்டரியே போனதுதான்.

ஏன் ஜோடியாக மாற்ற வேண்டும்?

"அப்ப வயரை மட்டும் எடுத்துப்போட்டு, இந்தப் புதுச சார்ஜ் பண்ணி, பழசோட ஓட்ட ஏலாதா?" என்று கேட்டார் முதலாளி. நியாயமான கேள்விதான்.

பாஸ் கணக்கொன்று சொன்னார். 24 வோல்ட் லொறியில் சார்ஜ் ஏறும்போது இரண்டு பெட்டரிகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 28 வோல்ட் கிடைக்கும். இரண்டும் ஒரே வயது, ஒரே அளவு என்றால் ஆளுக்கு 14 ஆகப் பங்கு போடும். வயது வேறுபட்டால் பங்கு சமமாக இராது. ஒன்று 12.5இல் நின்றுவிட்டால் மற்றது 15.5ஐச் சுமக்க வேண்டும். 15.5 வோல்ட்டில் பெட்டரி கொதிக்கும். சார்ஜரைக் கட்டுப்படுத்தும் கருவிக்கோ இது தெரியாது. அது பார்ப்பது மொத்தம் 28ஐ மட்டுமே. ஆகவே ஒன்று பட்டினியாலும் மற்றது கொதிப்பாலும் சாகும்.

ஆகவே ஒரே கம்பனி, ஒரே அளவு, கூடியவரை ஒரே மாதத்தில் செய்யப்பட்ட இரண்டு பெட்டரிகளை ஒன்றாக வாங்கி, இரண்டையும் தனித்தனியே நிறையச் சார்ஜ் ஏற்றி, அதன் பிறகே பூட்ட வேண்டும். ஒன்று நன்றாக இருக்கும்போது மற்றதையும் மாற்றுவது வீண்செலவாகத் தோன்றும். உண்மையில் அதுவே சிக்கனம். நல்ல நிலையில் இருக்கும் பழையதை 12 வோல்ட்டில் தனியாக இயங்கும் வேறு வாகனத்துக்குப் பயன்படுத்தலாம்.

கடையில் வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொன்னார். முதலாவது, செய்த திகதி. ஆறு மாதங்களுக்கு மேல் சார்ஜ் ஏற்றாமல் தட்டில் கிடந்ததை வாங்கக் கூடாது. சும்மா கிடந்தாலும் பெட்டரி மெதுவாக இறங்கும். இறங்கிக் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேற்றுப் பளிங்குகள் இறுகிவிடும். பின்னர் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. இரண்டாவது, வோல்ட் மீட்டரால் அளந்தால் 12.4க்குக் குறையக் கூடாது. மூன்றாவது, முனைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பது. இடம் வலம் மாறியிருந்தால் கேபிள் எட்டாது. எட்ட வைக்க இழுத்தால் ஆபத்து. விலை குறைவென்று சிறிய பெட்டரியை வாங்கிப் பெரிய எஞ்சினில் போடுவதும் கூடாது.

நம் நாட்டுச் சூட்டையும் மறக்கக் கூடாது. ஒவ்வொரு 10 பாகை செல்சியசு கூடுதலுக்கும் பெட்டரியின் ஆயுள் ஏறத்தாழ அரைவாசியாகும் என்பது இத்துறையில் உள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு. குளிர் நாட்டில் ஏழெட்டு வருடங்கள் உழைப்பது இங்கே மூன்று நான்கு வருடங்களில் ஓய்வு கேட்டால் அதில் ஆச்சரியமில்லை.

கழற்றுவதிலும் ஒரு வரிசை உண்டு

இனி வேலைக்கு வருவோம். லொறிப் பெட்டரி ஒன்று 30 கிலோவுக்கு மேல் இருக்கும். பெரியவை 60 கிலோவையும் எட்டும். தனியாகத் தூக்கினால் இடுப்புப் போகும். இரண்டு பேர் வேண்டும்.

முதலில் கைக்கடிகாரம், வெள்ளி மோதிரம், சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொன்னார் பாஸ். மோதிரம் ஸ்பேனரோடு சேர்ந்து முனையையும் இரும்பையும் தொட்டால் ஒரு நொடியில் சிவக்கச் சிவக்கக் காயும். விரலைவிட்டுக் கழற்றவும் முடியாது.

அடுத்து, எந்த முனை எர்த் என்று பார்க்க வேண்டும். இன்றைய வாகனங்களில் நெகட்டிவ் முனையே செசியோடு தொடுக்கப்படுகிறது. ஆனால் 1960களின் பிற்பகுதிக்கு முன்னர் வந்த பிரித்தானிய வாகனங்கள் பலவற்றில் பொசிட்டிவ் முனையே எர்த். எத்தனையோ கை மாறிய லொறியில் கேபிளின் நிறத்தை நம்ப முடியாது. கேபிளைக் கையால் பிடித்துக்கொண்டே போய், அது செசியில் முடிகிறதா என்று கண்ணால் காண வேண்டும். பிறகு பெட்டரியில் அந்த முனை + ஆ, - ஆ என்று பார்த்து ஒரு தாளில் வரைந்துகொள்ள வேண்டும். இப்போது கையில் தொலைபேசி இருப்பதால் ஒரு படமும் எடுத்துக்கொள்ளலாம். மாறிப் பூட்டினால் ஓல்டனேட்டரின் டயோட்டுகள் ஒரு கணத்தில் எரிந்துபோகும்.

கழற்றும்போது எர்த் கேபிளை முதலில் கழற்ற வேண்டும். பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்ட வேண்டும். இந்த ஒரு விதியைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக்கலாம். காரணம் எளியது. எர்த் பூட்டியிருக்கும்போது லொறியின் இரும்பு முழுவதும் பெட்டரியின் ஒரு முனைதான். மற்ற முனையை ஸ்பேனரால் கழற்றும்போது ஸ்பேனர் இரும்பில் பட்டால் நேரடி ஷோர்ட். எர்த்தை முதலில் கழற்றிவிட்டால், பட்டாலும் ஒன்றும் நடவாது. ஆயினும் இரண்டு முனைகளையும் ஒருசேர ஸ்பேனர் தொட்டால் அப்போதும் பொறி பறக்கும். ஆகவே ஸ்பேனரின் பிடிக்குத் துணியோ ரப்பரோ சுற்றிக்கொள்வது நல்லது.

எர்த்துக்குப் பிறகு மறுமுனைக் கேபிள். பின்னர் இரண்டு பெட்டரிகளையும் இணைக்கும் குறுக்குக் கேபிள். கடைசியாகப் பெட்டரியை இறுக்கிப் பிடிக்கும் சட்டம். இதுவே வரிசை.

ஒரு தீக்குச்சியின் விலை

சட்டம் துருப்பிடித்து இறுகியிருந்தது. உள்ளே இருட்டு. உதவிக்கு நின்ற பையன் பார்வைக்காக லைட்டரை எடுத்தான். பாஸ் அவனுடைய கையைத் தட்டிவிட்டார். அதுவரை அமைதியாக இருந்தவர் அன்று அந்த ஒரு முறைதான் சத்தம் போட்டார்.

பிறகு தமது இடது கண்ணைக் காட்டினார். கருமணியில் பால் படிந்தது போல ஒரு வெள்ளை. "பத்தொன்பது வயசு. ராவில தண்ணி மட்டம் பாக்க ஒரு நெருப்புக்குச்சி கிழிச்சன். இது அந்தக் குச்சிட விலை" என்றார்.

சார்ஜ் ஏறும்போது பெட்டரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவருகிறது. காற்றில் 4 வீதம் கலந்தாலே அது தீப்பற்றும். மூடிய பெட்டிக்குள் அந்த அளவு சேர அதிக நேரம் தேவையில்லை. நிறமில்லை, மணமில்லை, இருப்பது தெரியாது. நெருப்புப் பட்டால் பெட்டரி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். எனவே பெட்டியைத் திறந்து சற்று நேரம் காற்றோட விட வேண்டும். டோர்ச் லைட்டைத் தவிர வேறு வெளிச்சம் கூடாது. சிகரெட் பக்கத்திலேயே வரக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை அணிய வேண்டும். அருகே ஒரு வாளி நிறையத் தண்ணீர் இருக்க வேண்டும்.

அமிலம் கண்ணில் பட்டால் அந்த விநாடியே தண்ணீர்தான் மருந்து. இமையை விரித்துப் பிடித்து, ஓடும் சுத்தமான தண்ணீரில் குறைந்தது 20 நிமிடங்கள் விடாமல் கழுவி, பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கழுவாமல் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு ஓடக் கூடாது. எண்ணெய், முலைப்பால், சோடாக் கரைசல் எதையும் கண்ணில் விடவும் கூடாது. அமிலம் பட்ட உடையைக் களைந்துவிட வேண்டும்.

பூட்டுவதும் பேணுவதும்

பெட்டரிகளை எடுத்த பிறகு இரும்புத் தட்டின் அடி பொரிந்து போயிருந்தது தெரிந்தது. அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார்கள். நுரை அடங்கும்வரை ஊற்றினால் சிந்திய அமிலம் செயலிழந்துவிடும். பிறகு கழுவி, காய விட்டு, துருவைச் சுரண்டி, பெயின்ற் பூசி, மேலே ஒரு ரப்பர் விரிப்பை விரித்தார்கள். கேபிள் முனைகளைப் பளபளக்கும்வரை கம்பித் தூரிகையால் தேய்த்தார்கள். நடுவே பொரிந்து போன எர்த் கேபிளைத் தூக்கி எறிந்து புதிதாக ஒன்று போட்டார்கள்.

புதிய ஜோடியை வைத்துச் சட்டத்தை இறுக்கினார்கள். அசையாமல் இருக்க வேண்டும். ஆனால் பெட்டி நெரியும்படி இறுக்கக் கூடாது. குண்டும் குழியுமான பாதையில் ஆடும் பெட்டரியின் தகடுகள் உதிர்ந்துபோகும். குறுக்குக் கேபிள், பிறகு மறுமுனை, கடைசியாக எர்த். இறுக்கிய பின்னர் முனைகளின் மேல் வாஸ்லின் பூசினார்கள். பூசுவது இறுக்கிய பின்னர்தான், முன்னரல்ல.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பாஸ் மீண்டும் மீட்டரை வைத்தார். சற்று வேகம் கொடுத்தபோது 28 வோல்ட் அளவில் நின்றது. 29ஐத் தாண்டினால் பெட்டரி கொதிக்கும். 27க்குக் கீழே நின்றால் நிறையாது. பழைய லொறியில் ஓல்டனேட்டருக்குப் பதிலாக டைனமோ இருந்தால் இன்னொரு விஷயத்தைத் தெரிந்திருக்க வேண்டும். எஞ்சின் சும்மா மெதுவாக ஓடும்போது டைனமோ அநேகமாக ஒன்றும் தராது. வீட்டு வாசலில் கால் மணி நேரம் ஓட விட்டு, "பெட்டரிக்குச் சார்ஜ் ஏத்திட்டன்" என்று நினைப்பது தவறு. ஸ்டார்ட் செய்ததற்குச் செலவானதே திரும்பியிராது. பாதையில் ஒரு மணி நேரமாவது ஓட வேண்டும். அல்லது மாதத்துக்கு ஒரு முறை சார்ஜரில் போட வேண்டும். நாட்கணக்கில் நிற்கும் லொறிக்கு எர்த் கேபிளில் ஒரு நிறுத்தும் சுவிட்ச் பூட்டிவிட்டால், சிறு சிறு கசிவுகளால் பெட்டரி இறங்காது.

தண்ணீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே விட வேண்டும். கிணற்று நீரில் உள்ள உப்பும் இரும்பும் தகடுகளைக் கெடுக்கும். புத்தளத்துக் கிணற்று நீரைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. "கொஞ்சம் அமிலம் விட்டாப் பலம் வரும்" என்பார்கள். அதை நம்ப வேண்டாம். ஆவியாவது தண்ணீர்தான், அமிலமல்ல. பெட்டரியைச் சீமெந்துத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பதும் பழைய கதை. பலகையால் பெட்டி செய்த காலத்தில் அதில் ஓரளவு உண்மை இருந்தது. பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது.

பழையது வீட்டுக்குள் வரக் கூடாது

எல்லாம் முடிந்தது. பழைய பெட்டரி மரத்தடியில் கிடந்தது. முதலாளியின் மனைவியின் தம்பி களப்பில் மீன் பிடிப்பவர். "மச்சான், அதை எனக்குத் தாங்க. ஒடச்சு உருக்கினா வலைக்கு ஈயக்குண்டு ஊத்தலாம்" என்றார்.

"எங்க வெச்சு உருக்குவீங்க?" என்று கேட்டார் பாஸ்.

"வீட்டுக்குப் பின்னால. பழைய சட்டி ஒண்டு இருக்கு."

"வீட்டில எத்தன புள்ளைகள்?"

"ரெண்டு. சின்னதுக்கு ஒண்டர வயசு."

பாஸ் தலையை ஆட்டினார். "அப்ப தரமாட்டம்."

வாசகர்களே, இதை வீட்டுப் பெண்கள் முக்கியமாக வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மின்சாரம் வராத காலத்தில் நம் கிராமங்களில் தொலைக்காட்சி பார்க்க லொறிப் பெட்டரியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டோம். அதைச் சைக்கிளில் கட்டி டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வந்தோம். அந்தப் பழக்கத்தில் பெட்டரி நமக்கு வீட்டுச் சாமான்களில் ஒன்றாகத் தெரிகிறது. ஆனால் அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். ஈயத்தில் 'இவ்வளவுக்குள் பாதுகாப்பு' என்று எந்த அளவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உட்கொள்ளும் ஈயத்தில் பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகளின் உடல் நான்கு ஐந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சும். மூளை வளரும் வயதில் அது புத்தியைக் குறைக்கும், குணத்தை மாற்றும். கர்ப்பிணித் தாயின் எலும்பில் தங்கிய ஈயம் வயிற்றில் உள்ள சிசுவுக்கும் போகும். உருக்கும்போது எழும் புகையும் தூசியும் மண்ணில் படிந்து, தவழும் பிள்ளையின் கையிலும் வாயிலும் போய்ச் சேரும். உருக்கியவரின் உடுப்போடு தொட்டில்வரை வரும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. செனகல் நாட்டின் தலைநகரான டக்காருக்கு அருகே தியாரோய் சுர் மேர் என்ற கடலோரப் பகுதி இருக்கிறது. அங்கே பழைய பெட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்து வந்தார்கள். ஈயம் கலந்த மண்ணைச் சலித்து விற்றால் காசு கிடைத்தது. அந்த மண் வீடுகளுக்கும் வந்தது. 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையான காலத்தில் அங்கே 18 பிள்ளைகள் இறந்தார்கள். ஈய நஞ்சுதான் காரணம் என்று பின்னர் தெரிய வந்தது. இறந்த பிள்ளைகளின் சகோதரர்களுடைய, தாய்மாருடைய இரத்தத்திலும் ஈயம் மிக அதிகமாக இருந்தது. கூடுதல் வருமானத்துக்காகக் குடும்பங்கள் செய்த வேலை அது.

ஆகவே பழைய பெட்டரியை உடைக்கவோ, உருக்கவோ, அமிலத்தைக் கானிலோ வளவிலோ ஊற்றவோ கூடாது. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் பல இடங்களில் விலையில் ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார்கள். நம் நாட்டில் அபாயகரமான கழிவுகளைக் கையாள மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பெட்டரி இறுதியில் அத்தகைய ஓரிடத்துக்குப் போகிறதா என்று கடைக்காரரிடம் கேட்பதில் தவறில்லை. முறையான ஆலையில் ஈயத்தின் பெரும்பகுதி மீண்டும் புதிய பெட்டரியாகும். கொண்டுபோகும்வரை நிமிர்த்தி, கசியாத பிளாஸ்டிக் தட்டில், பிள்ளைகள் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பெட்டரி வேலை செய்து வந்தவர் பிள்ளையைத் தூக்குவதற்கு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, உடுப்பு மாற்ற வேண்டும். அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துக் கழுவவும் கூடாது.

அன்று மாலை பழைய பெட்டரியும், வயரால் செத்த அந்தப் 'புதிய' பெட்டரியும் கடைக்கே போயின. சல்பேற்று இறுகிவிட்ட அதைக் காப்பாற்ற முடியவில்லை. கழித்த காசில் ஒரு பகுதியைக் கொடுத்து, கடையில் விற்கும் ஈயக்குண்டு வாங்கிக்கொள்ளும்படி மச்சானிடம் சொன்னார் முதலாளி. சிவப்பு வயரை வெட்டி எறிந்தாயிற்று. கெசட் பிளேயருக்குத் தனியாக ஒரு கருவி வந்தது.

மறு கிழமை ஸுபஹுக்குப் பின் லொறி முதல் அழுத்தலிலேயே உறுமிக் கிளம்பியது. வாசலில் மனைவியின் இடுப்பில் இருந்த கடைசிப் பிள்ளை கையசைத்தது. முதலாளி இறங்கி வந்து பிள்ளையின் கன்னத்தைத் தொடப் போனார். பாதியில் கையை இழுத்துக்கொண்டு, "பொறுங்க, கை கழுவிட்டு வாறன்" என்று கிணற்றடிக்கு நடந்தார்.